இரைச்சல் போக நான் வெட்டிய எர்த் வயர்

1. மூன்றாவது மாடி

முகப்பேரில் கார்த்திக்கின் ஃப்ளாட்டுக்கு முதன்முதலாகப் போன அன்று நான் லிஃப்டில் ஏறவில்லை. பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மூன்று மாடி படியேறினேன். லிஃப்டில் யாராவது கூட ஏறி, எந்த வீட்டுக்கு, என்ன விஷயமாக என்று கேட்டால் என்ன சொல்வது? அமெரிக்கக் கிராமத்துப் பாட்டுக்கு பேஸ் வாசிக்க வந்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

என் பெயர் ஏகாம்பரம். நெமிலிச்சேரியில் வீடு. படிப்பு ஒன்பதாவது வரைதான். முப்பது வருஷமாக பேஸ் கிட்டார் வாசித்துத்தான் குடும்பம் நடக்கிறது. கோயில் திருவிழா ஆர்க்கெஸ்ட்ரா, கல்யாண ரிசப்ஷன் என்று ஆவடி, பட்டாபிராம் பக்கம் நான் நிற்காத மேடை குறைவு. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் செய்த ஒரு தப்பால் ஒரு பெண்ணின் உயிர் போயிருக்கும். ஆண்டவன் காப்பாற்றினான். அதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

என்னை அங்கே கூட்டிப்போனது டிரம்ஸ் வாசிக்கிற ரஃபீக். கரையான்சாவடியில் ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். என்னோடு ஒரே ஆர்க்கெஸ்ட்ராவில் பதினைந்து வருஷம் வாசித்தவன். அது என்ன பாட்டுடா என்று வண்டியில் போகும்போதே கேட்டேன்.

"ரயிலு, மழ, ஜெயிலு, அம்மா, சாமி. அவ்ளோதான் அண்ணாத்தே. நம்ம பாட்டுதான், இங்கிலீஷ்ல கீது."

கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வயது முப்பத்திரண்டு இருக்கும். கிட்டார் நன்றாக வாசிப்பார். இந்தப் பாட்டுக்கு அமெரிக்கானா என்று பெயர், அதிலேயே கொஞ்சம் கரடுமுரடாக வாசித்தால் ஆல்ட் கன்ட்ரி என்று விளக்கினார். பாடுகிறவள் ஜெனி. நாகர்கோவில் பெண், அதே கம்பெனியில் வேலை, அம்பத்தூரில் வீடு. பெரிய கிட்டார் ஒன்றை மாட்டிக்கொண்டு, மைக்கில் உதடு ஒட்டுகிற மாதிரி நின்று பாடுவாள். குரல் மெல்லிசு. மைக்கை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் கேட்காது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாட்டிலேயே நான் ஆர்க்கெஸ்ட்ரா பழக்கத்தில் விரலை ஓட விட்டேன். கார்த்திக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணா, சூப்பரா வாசிக்கறீங்க. ஆனா பாதி போதுங்க."

பாதியாகக் குறைத்தேன். மறுபடி நிறுத்தினார். "இன்னும் பாதிங்கண்ணா."

ஜெனி சிரித்துவிட்டாள். "இப்படியே போனா அண்ணே கிட்டாரப் பைக்குள்ள வச்சிட்டு வீட்டுக்குப் போயிருவாரு."

அன்று நான் கற்றுக்கொண்டது இதுதான். இந்தப் பாட்டில் பேஸுக்கு வேலை ச, ப. மறுபடி ச, ப. நடந்து போகிற ஆள் இடது கால், வலது கால் வைக்கிற மாதிரி. ஒரு அடி வைத்தால், அடுத்த அடி வரும்வரை அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். கம்பி ரொம்ப நேரம் ரீங்காரம் போடக் கூடாது என்று, வீட்டில் பாத்திரம் தேய்க்கிற புது ஸ்பான்ஜ் ஒன்றை வெட்டி, கிட்டாரில் கம்பி முடிகிற பிரிட்ஜ் பக்கம் கம்பிக்கு அடியில் சொருகினேன். டும், டும் என்று கட்டையில் தட்டுகிற மாதிரி சத்தம் வந்தது. கார்த்திக்குக்குப் பிடித்துவிட்டது. வீட்டுக்குப் போய் மல்லிகாவிடம் சொன்னேன். முப்பது வருஷம் கழித்து என் வாசிப்பை நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஆள் கிடைத்ததா என்று கேட்டாள். கேலிதான். ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

2. உர்ர்

சந்தோஷம் மூன்று வாரம்கூட நிற்கவில்லை.

ஆர்க்கெஸ்ட்ராவில் ஆம்ப்ளிஃபையரில் உர்ர் என்று ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். தவில், கீபோர்டு, ஜனங்கள் சத்தம் எல்லாம் சேர்ந்து அதை மூடிவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். இந்தப் பாட்டு அப்படி இல்லை. இரண்டு அடிக்கு நடுவில் அமைதி வேண்டும் என்றுதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்த அமைதியில் உர்ர் மட்டும் தனியாகக் கேட்டது. நாங்கள் வாசித்ததைக் கார்த்திக் பதிவு செய்து போட்டுக் காட்டினார். ஜெனி பாடி நிறுத்துகிற இடத்தில் எல்லாம் மாவு மில் ஓடுகிற மாதிரி இருந்தது.

இரைச்சல் என் ஆம்பில் மட்டும் இல்லை, மூன்றிலும் இருந்தது. ஆனால் என்னுடையதில்தான் அதிகம். கார்த்திக் நல்ல பிள்ளை, முகத்தில் அடித்த மாதிரி பேச மாட்டார். கிளம்பும்போது வாசல்வரை வந்து சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. இது சரியாகலீன்னா, கொஞ்ச நாளைக்கு பேஸ மட்டும் லேப்டாப்ல போட்டுக்கலாமான்னு ஒரு யோசனைங்க."

நான் சரி தம்பி என்றேன். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். ஆர்க்கெஸ்ட்ராவில் ஏற்கெனவே கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸை வாசித்துவிட, என்னைக் கூப்பிடுவது குறைந்துகொண்டே வந்தது. இங்கேயும் என் இடத்தில் ஒரு லேப்டாப் உட்கார்ந்துவிட்டால், அதற்கப்புறம் நான் யார்? இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள், மேடையில் நாங்கள் எல்லாரும் செய்கிற வழி ஞாபகம் வந்தது. பிளக்கில் மூன்று முள் உண்டல்லவா? அதில் பெரிய முள் எர்த். அந்த எர்த் வயரை உள்ளே கழற்றிவிட்டால் பெரும்பாலும் இரைச்சல் நின்றுவிடும். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் காலம் காலமாகச் செய்கிறார்கள். இதில் ஆபத்து உண்டு என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன்.

ஆவடி மார்க்கெட்டில் ஐந்து சாக்கெட் உள்ள ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வாங்கினேன். வீட்டில் உட்கார்ந்து அதன் பிளக்கைத் திறந்து, பச்சை வயரை வெட்டி, டேப் சுற்றி, மறுபடி மூடினேன். இந்த ஒரு பாக்ஸிலேயே எல்லாருடைய ஆம்பையும் சொருகுங்கள் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவிட்ச் போட்டதும் ரூம் அமைதியாகிவிட்டது. உர்ர் இல்லை.

"எப்படிங்கண்ணா?" என்று கார்த்திக் ஆச்சரியமாகக் கேட்டார்.

தொழில் ரகசியம் தம்பி என்று சொல்லிச் சிரித்தேன். ரஃபீக் கடை வைத்திருக்கிறவன், அவனிடம் சொல்லியிருந்தால் அன்றைக்கே திட்டி மாற்ற வைத்திருப்பான். அவனிடமும் சொல்லவில்லை. பெருமை கெட்டுவிடும் அல்லவா? லேப்டாப் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. அந்தப் பாக்ஸை வைத்து இரண்டு இடத்தில் வாசித்தோம். ஒன்றும் ஆகவில்லை. நானும் அதை மறந்துவிட்டேன்.

3. மாலை

கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போட்டேன். அது எனக்குப் பதினோராவது வருஷம். மாலை போட்டால் காலில் செருப்பு கிடையாது. சாப்பாடு வீட்டில்தான். பொய், கோபம் கூடாது. குடிக்கிற இடத்தில் வாசிக்க மாட்டேன் என்று கார்த்திக்கிடம் முன்பே சொல்லிவிட்டேன். அதற்கென்னங்க, மலைக்குப் போய்ட்டு வர்ற வரைக்கும் அந்த மாதிரி இடமே வேண்டாம் என்றார். பெரிய மனசு.

அன்றிலிருந்து எல்லாருக்கும் நான் சாமி. ரஃபீக் என்னை வாய் நிறைய சாமி சாமி என்றுதான் கூப்பிடுவான். ஜெனிக்கு மட்டும் ஒரு சங்கடம். அவள் பாடுவதில் நாலு பாட்டு இயேசுவைப் பற்றியது. மாலை போட்டிருக்கிற நேரத்தில் அதற்கு வாசிப்பீர்களா, மனசுக்கு உறுத்துமா என்று தனியாக வந்து கேட்டாள். நான் இங்கிலீஷ் தெரியாதவன், பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்றே பாதி புரியாது. ஆனால் அந்த நாலு பாட்டுக்கு அவள் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நீ கும்பிடு தாயி, நான் பின்னாடி நடந்து வரேன் என்றேன். அதற்கப்புறம் அவள் என்னை அண்ணே என்று கூப்பிடுவதில் ஒரு தனி உரிமை வந்துவிட்டது.

உடம்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு நாலைந்து வருஷமாகச் சர்க்கரை. உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி, மதமதப்பாக இருக்கும். நரம்பு சம்பந்தப்பட்டது, மாத்திரையை விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் காலில் என்ன ஆனாலும் அது சர்க்கரைதான் என்று நினைக்கிற பழக்கம் வந்துவிட்டது.

4. ஈரப் புல்

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவடி பக்கம் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆண்டுக் கடைசி விழா. சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் வாசிக்க வேண்டும். பகல் முழுக்க மழை பெய்து, மூன்று மணிக்கு விட்டிருந்தது. புல்தரையில் தண்ணீர் நின்றது.

மேடை சின்னது. டிரம்ஸ், கார்த்திக், ஜெனி மூன்று பேருக்குத்தான் அந்தப் பலகையில் இடம். நான் பக்கத்தில் புல்லிலேயே நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பேஸ் வாசிப்பவன் எங்கே நின்றால் என்ன? மைக், ஸ்பீக்கர் எல்லாம் சவுண்ட் சர்வீஸ் செல்வம் கொண்டுவந்தது. அவருக்குத் தனி லைன். எங்கள் ஆம்ப் மூன்றும் என் ஜங்ஷன் பாக்ஸில். கார்த்திக் அன்றைக்குத்தான் ஒரு பழைய ஆம்ப் வாங்கி, ஆசையாகக் கொண்டுவந்திருந்தார். சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி முடித்துவிட்டு ஜெனி நேராக வருவதாகச் சொல்லியிருந்தாள். அதனால் அவள் இல்லாமலேயே செல்வம் மைக்கை டெஸ்ட் செய்து வைத்தார்.

நான் கிட்டாரை மாட்டி கம்பியில் கை வைத்தேன். விரல் நுனியில் சுறுசுறு என்றது. காலிலும் ஊர்ந்தது. சர்க்கரைதான் என்று நினைத்தேன். ஆனால் கையில் இதுவரை வந்ததில்லையே என்று பயமாக இருந்தது. ரஃபீக்கிடம் சொன்னேன்.

"மாத்தர போட்டியா சாமி? வெரதம் வெரதம்னு வயித்தக் காயப் போட்டுகினு கீறியே, பின்ன இன்னா ஆவும்? குந்து கொஞ்ச நேரம்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கி அதன் மேலேயே வைத்துக்கொண்டேன். அந்தச் சுறுசுறு நின்றுவிட்டது. ஓய்வுதான் தேவைப்பட்டிருக்கிறது என்று நிம்மதியானேன். எழுந்து புல்லில் நின்று வாசித்தேன். மறுபடி வந்தது. முதல் நாள் காலையில் தேங்காய் சட்னியில் வெங்காயம் போட்டுவிட்டாள் என்று மல்லிகாவிடம் கத்தியிருந்தேன். விரதத்தில் கோபப்பட்டதற்கு ஐயப்பன் காட்டுகிறாரோ என்று நினைத்தேன். மனசுக்குள் சரணம் சொன்னேன்.

அப்போதுதான் தற்செயலாகக் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். சுறுசுறு உடனே போய்விட்டது. வைத்தேன். வந்தது. எடுத்தேன். போனது. ஐந்து முறை செய்து பார்த்தேன். என் கை கம்பியில் இருக்கிறதா இல்லையா என்று சர்க்கரைக்கு எப்படித் தெரியும்?

வெட்டி டேப் சுற்றிய பச்சை வயர் கண் முன்னால் வந்தது.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். அந்த நிமிஷமே நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. குடியிருப்புச் செயலாளர் மேடையில் நின்று கையில் வயர்லெஸ் மைக்கோடு வரவேற்புப் பேசிக்கொண்டிருந்தார். முன்னால் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கார்த்திக்கிடம் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் பாக்ஸ் கதை வெளியே வரும். பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் எதையாவது சொல்லி, நைசாகப் பாக்ஸை மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். எத்தனை வினாடி அப்படி நின்றேன் என்று தெரியாது. அந்த வினாடிகளை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஜெனி ஓட்டமும் நடையுமாக வந்தாள். எனக்கு ஒரு கையை ஆட்டிவிட்டு மேடையில் ஏறினாள். கிட்டாரை மாட்டினாள், கேபிளைச் சொருகினாள். காலில் ஷூ, நிற்பது மரப்பலகையில். அதனால் கம்பியைத் தொட்டபோது அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் கிட்டார் என் பாக்ஸில் இருக்கிறது. மைக் செல்வத்தின் லைனில், எர்த்தோடு இருக்கிறது. இடது கை கம்பியில் இருக்க, உதடு மைக்கில் பட்டால், நடுவில் இருப்பது அவள் நெஞ்சு.

ஜெனி, தொடாதே என்று கத்தினேன். செயலாளரின் குரல் ஸ்பீக்கரில் பெரிதாக வந்துகொண்டிருந்தது, அவளுக்குக் கேட்கவில்லை. மைக் உயரத்தைக் குறைக்க ஸ்டாண்டைப் பார்த்துக் கையை நீட்டினாள். ஒரு சாண்தான் பாக்கி. நான் கிட்டாரோடு ஓடிப்போய் ஜங்ஷன் பாக்ஸின் வயரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பிளக் பிய்த்துக்கொண்டு வந்தது. நான் மல்லாந்து சேற்றில் விழுந்தேன்.

5. டெஸ்ட் லாம்ப்

கூட்டத்தில் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். மாலை போட்ட ஆள் கிட்டாரைக் கட்டிக்கொண்டு சேற்றில் கிடந்தால் சிரிப்பு வராதா? தட்டி விழுந்தீங்களா அண்ணே என்று ஜெனி மேலிருந்து கேட்டாள். செயலாளர் பேச்சை நிறுத்திவிட்டு, யாருங்க அது வயரைப் பிடுங்கினது என்று மைக்கிலேயே கேட்டார்.

கிட்டாரைக் கழற்றி வை, மைக் பக்கம் போகாதே என்று ஜெனியிடம் சொன்னேன். கம்பியில் கரன்ட் வருகிறது என்று ரஃபீக்கிடம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு நேராகச் செல்வத்திடம் போய் டெஸ்ட் லாம்ப் கேட்டான். அது ஒரு ஹோல்டர், ஒரு பல்பு, இரண்டு வயர். அவ்வளவுதான். ஜெனியின் கிட்டாரை ஒரு நாற்காலியில் வைத்தார்கள். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி பிளக்கைச் சொருகினார்கள். ரஃபீக் ஒரு வயரைக் கிட்டார் கம்பியிலும் இன்னொரு வயரை மைக்கின் இரும்பு வலையிலும் வைத்தான்.

பல்பு எரிந்தது.

மங்கலாகக்கூட இல்லை, நன்றாகவே எரிந்தது. கிட்டாருக்கும் மைக்குக்கும் நடுவில், ஜெனி நிற்க வேண்டிய இடத்தில் அந்தப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. ஜெனி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

செயலாளரின் அத்தனை கோபமும் செல்வத்தின் மேல் திரும்பியது. குழந்தைகள் இருக்கிற இடம், எலெக்ட்ரிகல் செக் பண்ண மாட்டியா, இனிமேல் இந்தக் கேட்டுக்குள்ளே உன் வண்டி வராது என்று எல்லார் முன்னாலும் பேசினார். செல்வம் என் பாக்ஸின் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். திறந்ததும் டேப் சுற்றிய பச்சை வயர் வெளியே வந்தது.

"சார், இது என் பாக்ஸ் இல்ல. எர்த்த வெட்டி வுட்டுக்கிறாங்க பாருங்க."

கார்த்திக் என்னைப் பார்த்தார். எனக்காகத்தான் பேசினார். "கடையில வாங்குன பாக்ஸுங்க சார். கம்பெனியிலயே அப்படி வந்திருக்கும் போலீங்க."

எனக்கு வழி திறந்துவிட்டிருந்தார் அந்தப் பிள்ளை. தலையை மட்டும் ஆட்டியிருந்தால் போதும். அந்தச் செல்வத்துக்கு நாற்பது வயது இருக்கும். ஸ்க்ரூடிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மேடைத் தொழிலில் அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"நான்தாங்க வெட்டுனேன்," என்றேன். "எரைச்சல் வருதுன்னு என் கையாலதான் வெட்டுனேன். இந்த மனுசன் மேல ஒண்ணும் இல்ல."

ரஃபீக் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"கட வெச்சிகினு பக்கத்துலயே குந்திகினு கீறேன் நானு. ஒரு வார்த்த கேக்கல பாத்தியா என்னிய."

அவ்வளவுதான் சொன்னான். அதற்கப்புறம் குனிந்து, செல்வத்தோடு சேர்ந்து பச்சை வயரை அதன் இடத்தில் சேர்த்துக் கட்டினான். கார்த்திக் வாங்கிய பழைய ஆம்பில்தான் உள்ளே கரன்ட் கசிந்திருக்கிறது. அந்தக் கரன்ட் என் பாக்ஸ் வழியாக எல்லாருடைய ஆம்பிலும், எல்லாருடைய கம்பியிலும் பரவி நின்றிருக்கிறது. எர்த் ஒழுங்காக இருந்திருந்தால், சுவிட்ச் போட்ட உடனே ஃப்யூஸ் போயிருக்கும். எரிச்சல் பட்டிருப்போம், ஆம்பைத் தூக்கி ஓரமாக வைத்திருப்போம். அந்த அளவோடு முடிந்திருக்கும்.

நான் கிட்டாரைப் பையில் போட ஆரம்பித்தேன். என்னை இனிமேல் யாரும் போ என்று சொல்லத் தேவையில்லை, நானே போய்விடலாம் என்று தோன்றியது.

6. யார் முதலில் தொடுவது

பழைய ஆம்பை அப்புறப்படுத்தி, வயரைச் சரி செய்து, டெஸ்ட் லாம்பை எல்லாக் கம்பிக்கும் எல்லா மைக்குக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார்கள். எரியவில்லை. உர்ர் இரைச்சல் மட்டும் திரும்பி வந்துவிட்டது. கார்த்திக் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஜெனியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இஷ்டம் இல்லையென்றால் பாட வேண்டாம், கிளம்பிவிடலாம் என்றார்.

ஜெனி கையைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு எழுந்து என்னிடம் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணே, நீங்க முதல்ல தொடுங்க. நான் பாக்கணும்."

செருப்பில்லாத காலோடு, ஈரப் புல்லில் நின்றபடி அவள் கிட்டாரை வாங்கி மாட்டிக்கொண்டேன். செல்வம் மைக் ஸ்டாண்டை என் பக்கம் நகர்த்தினார். இடது கையால் ஆறு கம்பியையும் சேர்த்துப் பிடித்தேன். பல்பு எரியவில்லை என்று என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். இருந்தும் மல்லிகாவை நினைத்தேன். சாமியே சரணம் என்று சொல்லி, அவள் பாடுகிற மாதிரியே உதட்டை மைக்கில் வைத்தேன்.

ஒன்றும் இல்லை. இரும்பின் குளிர்ச்சி மட்டும்தான். நான் சொன்ன சரணம் மட்டும் ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டு, கூட்டத்தில் நாலைந்து பேர் பதிலுக்குச் சரணம் சொன்னார்கள்.

ஜெனி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கிட்டாரை வாங்கினாள். அன்று பாடினாள். முதல் இரண்டு பாட்டில் குரல் நிற்கவில்லை. நானும் பைக்குள் போட்ட பேஸை எடுத்து ச, ப, ச, ப என்று அவள் பின்னாலேயே நடந்தேன். இடையில் உர்ர் கேட்டுக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்குப் போய் மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், அந்தப் பொண்ணு ஏதாவது சாப்பிட்டுதா என்று கேட்டாள். நான் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் கார்த்திக்குக்கு போன் செய்து, நான் வரவில்லை, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பிராக்டிஸ் நாலு மணிக்குங்கண்ணா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ரஃபீக் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாவது வாரம் ஒரு டெஸ்ட் லாம்பைக் கொண்டுவந்து என் கிட்டார் பையில் அவனே போட்டான்.

பிள்ளைகளே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இரைச்சல் வந்தால் வரட்டும். நல்ல கேபிள் போடுங்கள், ஆம்பைத் தள்ளி வைத்துப் பாருங்கள், தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். எர்த் வயரில் மட்டும் கை வைக்காதீர்கள். கம்பியில் சுறுசுறு என்றால் யார் பேசிக்கொண்டிருந்தாலும், யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் அந்த வினாடியே கத்துங்கள். நான் நின்ற மாதிரி நிற்காதீர்கள். என்னைப் போலக் கையை வைத்தும் சோதிக்காதீர்கள், அதற்குத்தான் பல்பு இருக்கிறது.

இப்போதெல்லாம் எந்த மேடையானாலும் பல்பு வைத்துப் பார்ப்பது என் வேலை. பார்த்து முடித்து, கம்பியையும் மைக்கையும் நானே ஒரு முறை தொட்டுவிட்டு, என் இடத்துக்குப் போய் நிற்பேன். ஜெனி கிட்டாரை மாட்டிக்கொண்டு வருவாள். மைக்குக்கு ஓர் அடி தள்ளியே நின்று என் பக்கம் திரும்புவாள்.

"தொடட்டா அண்ணே?"

எல்லாம் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு முறையும் பிளக்கை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

"தொடும்மா," என்பேன்.

அவள் கை மைக்கில் பட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்த பிறகுதான் ரஃபீக்கைப் பார்த்துத் தலையாட்டுவேன். அவன் குச்சியால் நாலு தட்டு தட்டுவான். நாங்கள் ஆரம்பிப்போம்.